கோவையில் விமானம் ஏறும் நீலகிரிக்காரர்கள் எந்த சீட்டை எடுக்கலாம்?

கோவையிலிருந்து சென்னைக்கு ஒரு மணி நேரம், இதற்குப் போய் எந்த சீட் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கோவைக்காரர்கள் கேட்டால் நியாயம். வீட்டிலிருந்து பீளமேடு பக்கம்தான், திரும்பி வந்தாலும் ஒரு ஆட்டோ பிடித்தால் வீடு. நமக்கு அப்படி இல்லை. ஊட்டியில் கிளம்பினால் குன்னூர், பர்லியார், கல்லாறு, மேட்டுப்பாளையம் என்று மூன்று மணி நேரமாவது போகும், சீசனில் போக்குவரத்தை மாற்றிவிட்டால் அதற்கும் மேலே. கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி இறங்கிய உடம்போடுதான் விமானத்தில் உட்காருகிறோம். திரும்பி வரும்போது மற்றவர்களுக்குப் பயணம் முடிகிற இடத்தில் நமக்குக் கஷ்டமான பாதி ஆரம்பமாகிறது. அதனால் போகும்போது ஒரு மாதிரி சீட், வரும்போது வேறு மாதிரி சீட் என்று பிரித்துப் பார்ப்பதுதான் மலைக்காரர்களுக்குச் சரி என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நான் பேசுவது நடுவில் ஒரே நடைவழி, இரண்டு பக்கமும் மூன்று மூன்று சீட் இருக்கிற விமானங்களைப் பற்றி. ஏர்பஸ் ஏ320, அதைவிட நீளமான ஏ321, போயிங் 737, இவைதான் உள்நாட்டில் நாம் பெரும்பாலும் ஏறுபவை. முன்னால் பார்த்து உட்கார்ந்தால் இடது ஜன்னல் ஏ, வலது ஜன்னல் எஃப், நடைவழியை ஒட்டியவை சி, டி, நடு சீட்டுகள் பி, இ. ஏர்பஸ்ஸில் சீட் அகலம் சுமார் 18 அங்குலம், 737-ல் சுமார் 17, ஏனென்றால் 1967-ல் முதலில் பறந்த அந்த விமானத்தின் உடம்பே கொஞ்சம் குறுகல். ஒரு அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றும், தோள் அகலமான மூன்று பேர் ஒரே வரிசையில் மாட்டினால் தெரியும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் உள்ள இடைவெளி குறைந்த கட்டண விமானங்களில் 28 முதல் 30 அங்குலம், சில வரிசைகளைத் தவிர எங்கே உட்கார்ந்தாலும் அவ்வளவுதான்.

முதலில் வாந்தி. இதைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிக்காது, ஆனால் மலைப்பாதை ஒத்துக்கொள்ளாத ஒருவராவது இல்லாத வீடு நம் பக்கம் குறைவு. பர்லியார் வருவதற்குள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள், மேட்டுப்பாளையத்தில் இறங்கி முகம் கழுவி ஒரு டீ குடித்த பிறகும் வயிறு முழுசாக அடங்கியிருக்காது, அந்த நிலையிலேயே இரண்டு மூன்று மணி நேரத்தில் விமானம். இவர்களுக்கு இறக்கை இருக்கிற வரிசைகளை மட்டும் பாருங்கள், மற்றதை மறந்துவிடுங்கள். காற்றில் குலுங்கும்போது விமானம் தன் எடை மையத்தைச் சுற்றித்தான் அசைகிறது, அந்த மையம் இறக்கைகளின் பக்கத்தில் இருக்கிறது, அதிலிருந்து முன்னாலோ பின்னாலோ தள்ளிப் போகப் போக ஆட்டம் கூடும். வால் பக்கம் இன்னும் மோசம், மேலும் கீழும் போவதோடு பக்கவாட்டிலும் ஆடும். மலை பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து கோத்தகிரி ஏறியவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

இறக்கைப் பக்கத்திலும் ஜன்னல் சீட்டாக எடுங்கள். இறக்கை தரையை மறைக்கும், ஆனால் தூரத்து அடிவானத்தை மறைக்காது. வயிறு புரட்டுகிறவர்களுக்குக் கண் ஒரு அசையாத கோட்டைப் பிடித்துக்கொள்வதுதான் மருந்து. நடைவழி சீட்டில் தலையைக் குனிந்து போன் பார்த்துக்கொண்டு போவதுதான் இவர்களுக்கு ஆகவே ஆகாதது.

ஆனால் ஒன்று, சீட்டை விட நேரம் முக்கியம். சித்திரை, வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் வெயிலில் எழும்பும் காற்றும் சாயங்கால இடி மேகமும் சேர்ந்தால் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் ஆட்டம்தான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கிற காற்றும் அப்படித்தான். காலை விமானம் அமைதியாகப் போகும். அதற்காக விடிகாலை ஆறு மணி விமானத்தைப் பிடித்தால் நள்ளிரவில் மலை இறங்க வேண்டும், கல்லாறு பக்கம் யானை நிற்கிற நேரம் அது. ஒன்பது, பத்து மணி விமானம் கிடைத்தால் அதை எடுங்கள், டிக்கெட் கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை.

காது அடைப்புக்கு எந்த சீட் நல்லது என்று கேட்கிறவர்கள் உண்டு. விமானத்துக்குள் எல்லா இடத்திலும் ஒரே காற்றழுத்தம்தான், சீட் மாற்றி ஒரு பயனும் இல்லை. இதில் நமக்கு ஆறுதலான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த விமானங்கள் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருக்கும் அழுத்தம் சாதாரணமாக 8000 அடி உயரத்து அளவைத் தாண்டாதபடி வைக்கப்படுகிறது, அதாவது சுமார் 2440 மீட்டர். ஊட்டி நகரமே 2240 மீட்டர், தொட்டபெட்டா 2637. ஆக, உச்சத்தில் பறக்கும்போதுகூட உள்ளே இருப்பது தொட்டபெட்டா உச்சியை விடக் கனமான காற்று. மூச்சு முட்டுமோ என்று பயப்படும் பெரியவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது, ஊட்டியில் நடமாடுகிறவருக்கு இது புது உயரமே இல்லை. மலையில் இரண்டு மணி நேரமாக இறங்குகிற இறக்கத்தை விமானம் அரை மணிக்குள் இறங்கிவிடுவதால்தான் காது வலிக்கிறது. சளி இருந்தால் இறங்க ஆரம்பிக்கும்போது தூங்காமல் எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு மிட்டாய் போதும். குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்கள்.

சரி, எல்லாரும் ஆசைப்படுகிற எமர்ஜென்சி எக்ஸிட் வரிசை. 180, 186 சீட் உள்ள ஏ320-ல் பெரும்பாலும் 12, 13. கால் நீட்ட இடம் தாராளம், இறக்கை மேலேயே இருப்பதால் ஆட்டமும் குறைவு, உயரமானவர்களுக்கு டெல்லி மாதிரி மூன்று மணி நேரப் பயணத்தில் கொடுத்த காசுக்குத் தகும். ஆனால் இரண்டு வரிசையில் முன் வரிசையின் சாய்வு பெரும்பாலும் வேலை செய்யாது, பின் வரிசையின் வழியை மறைக்கக் கூடாது என்பதற்காக அப்படி. அதே காரணத்தால் அதற்கு முன்னால் இருக்கிற வரிசையும் பல விமானங்களில் சாயாது, கால் இடமும் இல்லாமல் சாய்வும் இல்லாமல் மாட்டிக்கொள்வது அந்த வரிசைக்காரர்கள்தான், அதைத் தவிர்த்துவிடுங்கள். எக்ஸிட் வரிசையில், விமானம் மேலே கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் காலடியில் பை வைக்க விடமாட்டார்கள். கதவு ஓரம் குளிரும், அதற்கு நம்மிடம் ஸ்வெட்டர் இருக்கிறது. இங்கே உட்காருகிறவர் அவசரத்தில் அந்தக் கதவைத் திறந்து வெளியே போட வேண்டிய ஆள், ஏ320-ல் அது சுமார் 15 கிலோ எடை. அதனால் வயதானவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், உதவி தேவைப்படுகிறவர்கள் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள், பணம் கட்டியிருந்தாலும் வாசலில் மாற்றிவிடுவார்கள். அது சரியான விதி, அதைச் சண்டை போட்டு மாற்றப் பார்க்க வேண்டாம். சென்னைக்கு மட்டும் என்றால் எக்ஸிட் வரிசைக்குக் காசு கட்டுவது எனக்குத் தேவையாகப் படவில்லை.

முதல் வரிசையும் இதே போலத்தான், பெயருக்கு ராஜா சீட். முன்னால் சுவர், அதனால் காலடியில் பை வைக்க முடியாது, சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருப்பதால் கைப்பிடியைத் தூக்க முடியாது, உட்காரும் அகலமும் அந்த அளவு குறையும். இரண்டிலிருந்து ஐந்தாவது வரிசை வரை அதைவிட மேல். எஞ்சினுக்கு முன்னால் இருப்பதால் சத்தம் குறைவு. முன்னால் உட்கார்ந்து பேசுவதற்கும் இருபத்தைந்தாவது வரிசையில் பேசுவதற்கும் குரலிலேயே வித்தியாசம் தெரியும்.

இப்போது திரும்பி வருவது. இங்கேதான் முன் வரிசை நடைவழி சீட்டுக்குப் பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி உண்மையாகவே முக்கியமாகிறது. ஒரே கதவு வழியாக எல்லாரும் இறங்கினால் முன்னால் இருப்பவருக்கும் கடைசி வரிசைக்காரருக்கும் நடுவில் பத்து, பதினைந்து நிமிடம் போகும். மாலை விமானத்தில் வந்து மேட்டுப்பாளையம் ரோட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போய் ஊட்டி பஸ் பிடிக்க வேண்டியவருக்கு அந்தப் பதினைந்து நிமிடம் ஒரு பஸ். தவறவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு, உட்கார இடம் இருக்குமா என்பதெல்லாம் அப்புறம். டாக்சி பேசியிருந்தாலும் இருட்டுவதற்குள் கல்லாறைத் தாண்டிவிடலாம் என்றுதான் டிரைவர் கணக்குப் போடுவார், துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று சாயங்கால நெரிசல் அதைத் தின்றுவிடும்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் கையில் ஒரே ஒரு கேபின் பை இருந்தால்தான். பெட்டியை செக்-இன் செய்திருந்தால் முன் வரிசைக்குக் கொடுத்த பணம் வீண், முதலில் இறங்கி ஓடிப்போய் பெல்ட் முன்னால் நிற்பீர்கள், முப்பதாவது வரிசைக்காரரும் வந்து பக்கத்தில் நிற்பார், இரண்டு பேர் பெட்டியும் ஒன்றாக வரும். அதனால் பெட்டி போட்டால் திரும்பும்போது எந்த சீட்டானாலும் ஒன்றுதான், இலவசமாகக் கிடைப்பதை எடுங்கள். இன்னொன்று, விமானம் ஏரோபிரிட்ஜ், அதாவது நிலையக் கட்டடத்தோடு இணைக்கும் நடைபாலம், இல்லாமல் தள்ளி நின்றால் ஏணி வைத்து இறக்கிப் பஸ்ஸில் கொண்டுபோவார்கள். அப்போது பின் கதவையும் திறப்பது உண்டு. பின் கதவு திறந்தால் கடைசி ஐந்து வரிசைக்காரர்கள் நடு வரிசைக்காரர்களுக்கு முன்னால் வெளியே நிற்பார்கள். 2022-ல் இண்டிகோ முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்று வழியில் இறக்கும் முறையைக் கொண்டுவந்தது, ஆனால் எந்த நாளில் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்பதை டிக்கெட் எடுக்கும்போது யாரும் சொல்ல முடியாது. இரண்டு வகையிலும் முன் பகுதி நஷ்டப்படாது, பின் பகுதி சில நாள் ஜெயிக்கும், நடுப் பகுதி எப்போதும் காத்திருக்கும். இதுதான் உண்மை நிலவரம்.

பின் வரிசைகளுக்கு வேறு நல்ல குணமும் இருக்கிறது. விமானம் நிரம்பாத நாளில் நடு சீட் காலியாகக் கிடைப்பது பெரும்பாலும் பின்னால்தான், ஏனென்றால் எல்லாரும் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஏ320-ல் பொதுவாகக் கழிவறை முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. அடிக்கடி போக வேண்டியவர்களுக்குப் பின்பக்க நடைவழி சீட் நிம்மதி. கடைசி வரிசை மட்டும் வேண்டாம், சாயாது, வரிசையில் நிற்பவர்கள் தோளில் இடித்துக்கொண்டே நிற்பார்கள்.

பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மூட்டுவலி இருந்தால் நடைவழி சீட் என்று எல்லாரும் சொல்வார்கள், எந்தப் பக்க நடைவழி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சி-யில் உட்கார்ந்தால் வலது கால் நடைவழிப் பக்கம், டி-யில் உட்கார்ந்தால் இடது கால். எந்த முழங்கால் மடங்க மறுக்கிறதோ அதற்கு ஏற்ற பக்கத்தை எடுங்கள், தள்ளுவண்டி போகாத நேரத்தில் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம். பல விமானங்களில் நடைவழிப் பக்கக் கைப்பிடியின் அடியில், கீல் இருக்கும் இடத்தில், கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு சின்ன பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் கைப்பிடி மேலே வரும், உட்காரவும் எழவும் பாதி சிரமம் குறையும். அம்மாவை உட்கார வைக்கும்போது நான் முதலில் தேடுவது அந்தப் பட்டனைத்தான். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் ஏறும்போது முதலில், இறங்கும்போது பொதுவாகக் கடைசியில்தான், அதனால் முன் சீட் எடுத்தால் சீக்கிரம் இறங்கலாம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே நடக்கும் தூரம் குறையும், அதற்காக எடுக்கலாம்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 12 வயது வரை உள்ள பிள்ளைகளை, ஒரே டிக்கெட் எண்ணில் வரும் பெற்றோரிலோ பாதுகாவலரிலோ ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. பிள்ளை தனியாக மாட்டிக்கொள்ளுமோ என்று பயந்து மட்டும் சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. மடியில் வைத்துக்கொள்ளும் கைக்குழந்தை என்றால் மூன்று சீட்டுக்கு ஒன்றுதான் அனுமதிப்பார்கள், மேலே நான்கு ஆக்ஸிஜன் மாஸ்க்தான் இருக்கும். அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கைக்குழந்தையோடு ஒரே வரிசையில் உட்காரலாம் என்று திட்டம் போட்டால் அங்கே போய்ப் பிரிப்பார்கள், முன்கூட்டியே நடைவழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எடுத்துவிடுங்கள்.

நடு சீட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு கைப்பிடியும் நடுவில் உட்கார்ந்தவருக்குத்தான், ஜன்னல்காரருக்கு ஜன்னல் இருக்கிறது, நடைவழிக்காரருக்கு நடைவழி இருக்கிறது. இதை எல்லாரும் மதித்தால் ஒரு மணி நேரத்துக்கு நடு சீட் ஒன்றும் தண்டனை இல்லை.

ஜன்னல் என்று முடிவு செய்துவிட்டால் இடமா வலமா என்பதில் விடாதீர்கள், நமக்கு இதில் லாபம் இருக்கிறது. கோவை ஓடுபாதை வடகிழக்கிலிருந்து தென்மேற்காக இருக்கிறது, நீலகிரி அதற்கு வடமேற்கே. சென்னைக்குப் போகும்போது விமானம் வடகிழக்கே நேரான பிறகு நம் மலை இடப்பக்கம், அதாவது ஏ. மேற்கே பார்த்துக் கிளம்பியிருந்தால் முதல் சில நிமிடம் வலப்பக்கம் தெரிந்து, திரும்பியதும் இடப்பக்கம் வரும். பவானிசாகர் நீர்த்தேக்கம் அதே இடப்பக்கம்தான். நேர்ப்பாதையில் போனால் கொஞ்ச நேரத்தில் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பும் இடப்பக்கமே. திரும்பி வரும்போது எல்லாம் எதிர்மாறு, எஃப் எடுங்கள். அவிநாசிப் பக்கமிருந்து தென்மேற்கே பார்த்து இறங்கினால் கடைசிப் பத்து நிமிடம் வலது ஜன்னலில் நீலகிரி சுவர் மாதிரி நிற்கும், மார்கழி, தையில் காலை வெயிலில் கோத்தகிரிப் பக்கத்துச் சரிவுகள் மடிப்பு மடிப்பாகத் தெரியும். நாம் உள்ளே வாழ்கிற மலையை வெளியே இருந்து முழுசாகப் பார்க்க இதைவிட வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. ஆடியில் மேகம்தான் தெரியும், இரவிலும் அதற்காக எஃப் எடுப்பது வீண்.

படம் எடுக்க ஆசை என்றால் இறக்கைக்கு முன்னால் எட்டாவது வரிசைக்குள் எடுங்கள். எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வெளியே வரும் சூடான காற்றில் காட்சி நடுங்கி மங்கும். டெல்லிக்கு வடக்கே போகும்போது காலை வெயில் வலப்பக்கம் அடிக்கும், சாயங்காலம் இடப்பக்கம். மும்பைக்கு மாலையில் போனால் ஏ பக்கம் சூரியன் மறைவதும் கடற்கரையும் கிடைக்கும். 737 வந்தால் ஜாக்கிரதை, இறக்கைக்குக் கொஞ்சம் முன்னால் இடப்பக்கத்தில் ஏசி குழாய் சுவருக்குள் மேலே போகிறது, அந்த இடத்தில் ஜன்னலே இருக்காது. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஏதோ ஒரு வரிசையில் வரும், விமானத்துக்கு விமானம் மாறும். ஜன்னல் சீட் என்று காசு வாங்கிக்கொண்டு சுவரைக் காட்டுவது எனக்குக் கோபம் வருகிற விஷயம், சீட் வரைபடத்தில் அதைக் குறித்தே காட்ட வேண்டும்.

பெங்களூரு மாதிரிப் பக்கத்து ஊருக்கு இறக்கையில் விசிறி சுற்றும் ஏ.டி.ஆர். வந்தால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. 78 சீட், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு, நடு சீட்டே கிடையாது. இறக்கை கூரைக்கு மேலே இருப்பதால் பெரும்பாலான ஜன்னல்களிலிருந்து தரை மறைக்காமல் தெரியும், பறப்பதும் தாழ்வாக, ஆகவே காட்சிக்கு ஜெட்டை விட இதுதான் மேல். ஏறி இறங்கும் கதவு பின்னால், முன்னால் சாமான் அறை. முன்பகுதியில் விசிறிச் சத்தம் அதிகம். இதில் பின் வரிசைதான் முன் வரிசை, அவசரக்காரர்கள் பின்னால் எடுங்கள். தலைக்கு மேலே பை வைக்கும் இடம் சின்னது, தடித்த பை உள்ளே போகாது.

பணம் கட்டாமல் நல்ல சீட் வேண்டுமானால் வெப் செக்-இன் திறக்கும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், உள்நாட்டில் பல நிறுவனங்கள் 48 மணி நேரத்துக்கு முன்பே திறக்கின்றன. எல்லா சீட்டுக்கும் விலை போட்டுக் காட்டும் திரையில் பதற வேண்டாம், சீட் எதையும் தேர்வு செய்யாமல் மேலே போக வழி இருக்கும், ஏதாவது ஒன்றை இலவசமாக ஒதுக்குவார்கள், அது நடு சீட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் செலவு செய்ய முடியும் என்றால், கையில் பை மட்டும் வைத்துக்கொண்டு மாலையில் திரும்புகிறவர் வருகிற டிக்கெட்டுக்கு முன் நடைவழியை எடுங்கள். மலை இறங்கி வயிறு புரட்டுகிற ஆள் கூட வந்தால் போகிற டிக்கெட்டுக்கு இறக்கை ஜன்னலை எடுங்கள். செக்-இன்னை மேட்டுப்பாளையம் வந்து செய்துகொள்ளலாம் என்று தள்ளிப் போடாமல் வீட்டிலேயே முடித்து, போர்டிங் பாஸைப் போனில் சேமித்துவிட்டுக் கிளம்புங்கள், பர்லியார் வளைவுகளில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது.